நெல்லை ஜங்ஷனில் நிற்கும் இஞ்சின் யாருக்குச் சொந்தம்?

திருநெல்வேலி ஜங்ஷனில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஆள் ஏற்றிவிடப் போகிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் முன்னால் நடந்துபோய் இஞ்சினின் விலாவைப் பாருங்கள். ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும், கூடவே ஓர் ஊர்ப்பெயர். ஈரோடு, ராயபுரம், அரக்கோணம் என்று இருக்கும்; சில நாள் எங்கோ வடக்கே உள்ள ஊராகவும் இருக்கும். அது அந்த இஞ்சினின் ஷெட். எங்கே ஓடினாலும் இத்தனை நாளுக்கு ஒருமுறை அங்கே போய்ச் சோதனை முடித்துத்தான் அது திரும்ப வரவேண்டும். ‘திருநெல்வேலி’ என்று எழுதிய மின்சார இஞ்சினை நீங்கள் பார்க்க முடியாது. இங்கே அப்படி ஒரு ஷெட் இல்லை. நம்மூர் ரயிலை இழுக்கிற இஞ்சின் எல்லாமே வெளியூர் விருந்தாளிதான்.

இதைக் கவனிக்கச் சொன்னவர் ஓய்வுபெற்ற லோகோ பைலட் அண்ணாச்சி ஒருவர். ஜங்ஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “ரயில்வேய தனியாருக்கு வித்துருவாங்க போலயே அண்ணாச்சி” என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முழு ரயில்வேய எவம்வே வாங்குவான்? இஞ்சின் யாருக்குச் சொந்தம், கெட்டுப்போனா யார் பாக்கணும், நடுவழியில நின்னா இன்னொண்ண யார் அனுப்பணும், அதக் கேளும். மத்ததெல்லாம் பேப்பர்ல போடுதது.”

அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் தனியார்மயம் என்ற பெரிய சொல் கொஞ்சம் கைக்கு அடக்கமாகிறது. முதல் கேள்விக்கே கிடைக்கும் பதில் வேடிக்கையானது. நெல்லை எக்ஸ்பிரஸின் இஞ்சின் காகிதத்தில் ரயில்வேயுடையதாக இல்லாமலேயே இருக்கலாம்.

1986 டிசம்பரில் இந்திய ரயில்வே நிதிக் கழகம் என்று ஒரு கம்பெனியை மத்திய அரசு தொடங்கியது. சுருக்கமாக ஐஆர்எஃப்சி. அது கடன்பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் பணம் திரட்டும். அந்தப் பணத்தில் இஞ்சினும் பெட்டியும் வேகனும் வாங்கும். வாங்கியதை ரயில்வேக்குக் குத்தகைக்கு விடும். குத்தகைக் காலம் பெரும்பாலும் 30 ஆண்டு. நாட்டில் ஓடும் இஞ்சின், பெட்டி, வேகன்களில் முக்கால்வாசிக்கு மேல் இந்த வழியில் வாங்கியவை. 2021 ஜனவரியில் இதே கழகம் பங்குச் சந்தைக்கு வந்தது; ஒரு பங்கு 26 ரூபாய். அதற்குப் பிறகு அரசின் கையில் இருந்தது 86 சதவீதச் சொச்சம், மீதி பொதுமக்கள், நிறுவனங்கள் கையில். சிந்துபூந்துறையில் டீமேட் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அன்றைக்கு ஒரு லாட் வாங்கியிருந்தால், வேடிக்கைக்காக, இஞ்சினின் ஏதோ ஒரு போல்ட்டு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இதைத் தனியார்மயம் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. இஞ்சினை எங்கே அனுப்புவது, எந்த ஷெட்டில் வைப்பது, எந்த ரயிலுக்குப் பூட்டுவது என்பதெல்லாம் ரயில்வேயின் தீர்மானம். ஐஆர்எஃப்சி ஆள் யாரும் ஜங்ஷனுக்கு வந்து இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போகப் போவதில்லை. பத்திரத்தில் பெயர் யாருடையது என்பதைவிட ஏவல் யாருடையது என்பதுதான் கனமான விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவோம்.

இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்ததே கம்பெனி கையால்தான். 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876இல் தூத்துக்குடி, திருநெல்வேலி வரை பாதை கொண்டுவந்தது. லண்டனில் இருந்த முதலீட்டாளர்களுக்கு அன்றைய முறை ரொம்பச் சௌகரியம்: போட்ட பணத்துக்கு 5 சதவீத வட்டிக்கு அரசே ஜாமீன். ரயில் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் அது வந்துவிடும். குறைந்தால் நம்மூர் வரிப்பணம் நிரப்பும். அந்தக் கம்பெனியை 1944 ஏப்ரல் 1 அன்று அரசு முழுதாக எடுத்துக்கொண்டது. 1951இல் அது தென்னக ரயில்வேக்குள் சேர்ந்தது. தனியார் நடத்தி, லாபமும் நட்டமும் அவர்களே சுமந்த பொற்காலம் ஒன்று முன்பு இருந்தது என்று நினைப்பவர்கள் அந்த 5 சதவீதத்தைக் கவனிக்க வேண்டும்.

அசல் தனியார் ரயில் ஒன்றும் நம் பக்கத்தில் ஓடியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் பாரி குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிக்குப் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை இருந்தது. தேரிக்காட்டுப் பனைகளின் சரக்கை ஆலைக்குக் கொண்டுவர 1914 வாக்கில் அவர்களே குறுகலான இருப்புப்பாதை ஒன்று போட்டார்கள். திசையன்விளையிலிருந்து குலசை வழியாகத் திருச்செந்தூர் வரை அது போனது; ஜனங்களும் ஏறிப் போனார்கள். இஞ்சின், பாதை, ஆலை மூன்றும் ஒரே முதலாளி கையில். ஆலை படுத்தது, 1940இல் ரயிலும் படுத்தது. திசையன்விளைக்கு இன்றுவரை ரயில் இல்லை.

அதே திருச்செந்தூருக்கு 1923இல் திருநெல்வேலியிலிருந்து இன்னொரு பாதை வந்தது. அது ஜில்லா போர்டு போட்டது. பாதை போர்டின் சொத்து, வண்டி ஓட்டுவது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அந்தப் பாதை இன்றைக்கும் ஓடுகிறது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையாகி, மின்கம்பியும் போட்டாகிவிட்டது. கம்பெனி இருந்தது, போனது. பாதை ஊரின் சொத்தாக இருந்ததால் நிலைத்தது. இரண்டு வரியில் எல்லாம் அடங்கிவிடாது என்று தெரியும், பனைத்தொழில் சாய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் திருச்செந்தூர் போகும்போதெல்லாம் எனக்கு இந்த இரட்டைக் கதை நினைவுக்கு வரும். 

வாடகைக்கு எடுப்பதும் சொந்தமாக வைத்திருப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்பதை வ.உ.சி.யைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி அந்த முதலாளியை நெருக்கியது, அவர் குத்தகையை முறித்தார். வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குக் கொண்டுவந்து சமாளித்தார். அதன் பிறகுதான் சொந்தக் கப்பல் இல்லாமல் கதையாகாது என்று பணம் திரட்டி காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிராளி டிக்கெட்டை இலவசமாக்கிக் குடையும் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு முந்திய குத்தகைக் கதையைப் பள்ளிக்கூடத்தில் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். அரசு ரயில்வேயை இஞ்சின் உட்படப் பிரித்து விற்ற நாடுகளில் மிக விரிவாகச் செய்தது அதுதான். 1993இல் சட்டம் வந்தது. பாதை ஒரு கம்பெனிக்கு. ரயில் ஓட்டும் உரிமை இருபத்தைந்து கம்பெனிகளுக்கு. இஞ்சின், பெட்டி எல்லாம் மூன்று குத்தகைக் கம்பெனிகளுக்கு. ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்று அவற்றுக்குப் பெயர். 1996 தொடக்கத்தில் இந்த மூன்றையும் அரசு மொத்தமாகச் சுமார் 180 கோடி பவுண்டுக்கு விற்றது. போர்ட்டர்புரூக்கை நிர்வாகத்தில் இருந்தவர்களே 52.7 கோடிக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டேஜ்கோச் என்ற பஸ் கம்பெனிக்கு 82.5 கோடிக்குக் கைமாற்றினார்கள். மற்ற இரண்டும் இரண்டு ஆண்டுக்குள் இதே மாதிரி கூடுதல் விலைக்குக் கைமாறின. கைமாறியதெல்லாம் பெரும்பாலும் அரசு காலத்துப் பழைய பெட்டிகள்தான். பழைய இஞ்சின் அதே ஷெட்டில் நின்றது. விலை மட்டும் ஏறியது. வாங்கியவர்களுக்கு வரவேண்டிய ஆரம்பகாலக் குத்தகையில் பெரும்பகுதிக்கு அரசே உறுதிமொழி கொடுத்திருந்தது. லண்டன்காரர்களின் 5 சதவீதம் இங்கே வேறு வேஷத்தில் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. சரக்கு ரயில் பக்கம் அமெரிக்கப் பின்னணி உள்ள ஒரு கம்பெனி வந்தது. அரசு காலத்துப் பழைய டீசல் இஞ்சின்கள் அடிக்கடி பழுதாகி ஷெட்டில் கிடந்தன. வந்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸிடம் ஒரே வகையில் 250 இஞ்சின் ஆர்டர் போட்டார்கள். 1998 முதல் அவை இறங்கின. ஓட்டுநர்கள் சத்தத்தைத் திட்டினாலும் வண்டி நிற்காமல் ஓடியது. அரசிடம் பல ஆண்டு வராத முதலீடு அங்கே வந்தது உண்மை.

பாதைக் கம்பெனியின் கதைதான் துயரம். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்து நான்கு பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. பாதை மறுபடி அரசின் பிடிக்குள் வந்தது. இப்போது ரயில் ஓட்டும் கம்பெனிகளையும் ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுக்கிறது. 2024இல் சட்டம் போட்டு, 2025 மே மாதத்தில் முதலாவது கம்பெனியை எடுத்தது. ஆனால் இஞ்சினும் பெட்டியும் திரும்பவில்லை. அவை குத்தகைக் கம்பெனிகளிடமே இருக்கின்றன. அரசு ரயில் இனியும் மாதாமாதம் வாடகை கட்டும். ஒருமுறை விற்ற இஞ்சினைத் திரும்ப வாங்குவது பாதையைத் திரும்ப எடுப்பதைவிடக் கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நியூசிலாந்து திரும்ப வாங்கிப் பார்த்தது. 1993இல் இஞ்சின், பாதை, கப்பல் எல்லாம் சேர்த்து 32.8 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றார்கள். பாதை தேய்ந்தது. 2004இல் பாதையை ஒரு டாலருக்கு அரசு திரும்ப வாங்கியது. அதாவது தேய்ந்த பாதையைச் செப்பனிடும் செலவை வாங்கிக்கொண்டது. 2008இல் இஞ்சின், பெட்டி, கப்பலைத் திரும்ப எடுக்க 66.5 கோடி டாலர் ஆனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2000இல் அரசின் சரக்கு ரயிலை இஞ்சினோடு விற்றுப் பாதையை 49 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வருமானம் குறைந்த கோதுமைப் பாதைகள் பிறகு மூடப்பட்டன.

நம் ஊர் அரசு ரயில்வே என்ன செய்கிறது என்பதை அந்தப் பின்னணியில் பார்க்கலாம். நூறு ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் செலவழிக்கும் நிலையில் புது முதலீட்டுக்குக் கையில் காசு மிஞ்சாது. தனியாரைக் கூப்பிடுவதற்கு இதுதான் நேரடிக் காரணம். 2006 வாக்கிலேயே கன்டெய்னர் ரயில் ஓட்டத் தனியாருக்கு வழி விட்டாயிற்று. வேகன் அவர்களுடையது, இஞ்சினும் டிரைவரும் ரயில்வேயுடையது, இழுகூலி கட்டணும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மீளவிட்டான் வழியாகப் போய்வருகிற கன்டெய்னர் வண்டிகளுக்கும் இதே கணக்குதான்.

2020 ஜூலையில் வந்ததுதான் பெரிய திட்டம். 109 தடங்களில் 151 தனியார் ரயில், 30,000 கோடி ரூபாய் முதலீடு, 35 ஆண்டு உரிமை, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். நாட்டை 12 தொகுப்பாகப் பிரித்தார்கள், அதில் ஒன்று சென்னை. இங்கே இழுகூலி மட்டுமில்லை: ரயிலையே தனியார் வாங்கி, அவர்களே பராமரிக்க வேண்டும், டிக்கெட் விலையும் அவர்கள் இஷ்டம். ஓட்டுநரும் கார்டும் மட்டும் ரயில்வே ஆட்கள். அந்த ரயில் புறப்படும் நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு அதே தடத்தில் அதே மாதிரி வேறு ரயில் விடமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் டெண்டர் பெட்டியைத் திறந்தால், மூன்று தொகுப்புக்குத்தான் விலை கேட்டிருந்தார்கள்: மும்பையில் ஒன்று, டெல்லியில் இரண்டு. கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ரயில்வேயின் சொந்தப் பிள்ளையான ஐஆர்சிடிசி. சென்னைத் தொகுப்பை ஒருவரும் சீண்டவில்லை. திட்டம் அப்படியே கைவிடப்பட்டது. தனியார் ஏன் வரவில்லை? பாதை, சிக்னல், டிரைவர் மூன்றும் எதிராளியின் கையில். சண்டை வந்தால் தீர்க்கத் தனி ஆணையம் இல்லை. வருமானத்தில் பங்கு வேறு தர வேண்டும். எந்தக் கடைக்காரரும் பக்கத்துக் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடை போடமாட்டார்.

இஞ்சின் பக்கத்தில் மட்டும் ஓசையில்லாமல் வேலை நடந்தது. 2015இல் பீகாரில் இரண்டு ஒப்பந்தம். மாதேபுராவில் பிரான்ஸின் ஆல்ஸ்டம் கம்பெனி 12,000 குதிரைத்திறன் கொண்ட 800 மின்சார இஞ்சின் செய்து தருவது. மார்ஹௌராவில் அமெரிக்காவின் ஜிஇ கம்பெனி 1,000 டீசல் இஞ்சின். மாதேபுரா கம்பெனியில் ரயில்வேக்கு 26 சதவீதப் பங்கு. 2023 ஜனவரியில் ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனியோடு இன்னொன்று: குஜராத் தாகோதில் ரயில்வேயின் சொந்தப் பணிமனையிலேயே 9,000 குதிரைத்திறன் கொண்ட 1,200 இஞ்சின், 35 ஆண்டுக்குப் பராமரிப்பும் சீமென்ஸ் பொறுப்பு. மூன்றிலும் இஞ்சின் அரசுடையது. ஏவலும் அரசுடையது. கெட்டுப்போனால் பார்க்கவேண்டிய பொறுப்பு மட்டும் கம்பெனியுடையது. அண்ணாச்சியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது.

இது தப்பா? எனக்கு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. செய்தவனே பராமரிக்க வேண்டும் என்றால் உருப்படியாகச் செய்வான் என்பது நியாயமான கணக்கு. ஆனால் ஷெட்டில் முப்பது வருஷம் கை அழுக்காகிப் பழகிய ஃபிட்டர் தலைமுறை அந்த இஞ்சின்களில் உருவாகுமா என்பது சந்தேகம். 35 ஆண்டு கழித்து ஒப்பந்தம் முடியும்போது பேரம் பேச இந்தப் பக்கம் ஆள் இருக்குமா என்பது இப்போதே யோசிக்க வேண்டிய சங்கதி.

மூன்றாவது கேள்விதான் நம் பக்கத்துக்கு நெருக்கமானது. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தாமிரபரணி வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பேர். பக்கத்து ஊர்க்காரர்கள் தண்ணீருக்கு நடுவே சோறு பொங்கிக் கொடுத்தார்கள். 19ஆம் தேதி மீட்டு, மணியாச்சிக்குக் கொண்டுபோய், அங்கே நின்ற சிறப்பு ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெட்டித்தொடரும் இஞ்சினும் எங்கிருந்து வந்தன? அன்றைக்கு வேறு எதற்கோ போகவேண்டியதைத் திருப்பிவிட்டதாகத்தான் இருக்கும். யாரிடமும் வாடகை பேச வேண்டியிருக்கவில்லை.

எல்லா இஞ்சினும் ஒரே குட்டையில் கிடப்பதன் பலன் அது. சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூருக்கு விடுகிற சிறப்பு ரயில் வருஷத்தில் ஓரிரு நாள் சமாச்சாரம். அதற்கென்று எந்தக் கம்பெனியும் இஞ்சின் வாங்கி வைக்காது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் பின்னால் முட்டுக்கொடுக்க பேங்கர் இஞ்சின் வேண்டும்.  கணக்குப்பிள்ளைக்கு அது வெட்டிச் செலவு, மலைக்கு அது பிடிமானம்.

அரசு ரயில்வே என்றால் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜை 2010இல் மூடினார்கள்; அகலப்பாதையில் முழுதாக ரயில் ஓட 2018 ஆனது. எட்டு வருஷம் தென்காசிக்காரர்கள் கொல்லத்துக்கு பஸ்ஸில் போனார்கள். நானும் ஒரு நாள் சாயங்காலம், பேர் வேண்டாம், ஒரு சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மேலே போகிற எக்ஸ்பிரஸுக்கு வழி. ஏன் என்று சொல்ல ஒருத்தர் இல்லை. முறுக்கு விற்ற ஆச்சிதான் “இது தினம் நடக்கதுதானய்யா” என்றார்.

சென்னைக்குப் போகிற வந்தே பாரத் 2023 செப்டம்பரில் எட்டுப் பெட்டியோடு தொடங்கி 2025 ஜனவரியில் பதினாறு ஆனது. அந்த மாதிரி ரயிலுக்குத் தனியார் வருவான். அதற்குத் தனி இஞ்சினே கிடையாது, பெட்டிக்கு அடியில் மோட்டார். திருநெல்வேலி-திருச்செந்தூர் பாசஞ்சருக்கு எவனும் வரமாட்டான். ரயில் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணத்தில் திரும்புகிறது என்று. மீதியைச் சுமப்பது நிலக்கரி, சிமென்ட், உரம் ஏற்றும் வண்டி. நல்ல சரக்கும் நல்ல தடமும் தனியே பிரிந்துபோனால், அந்த மீதியை இழுக்க இஞ்சின் எங்கிருந்து வரும் என்பதுதான் ஆறுமுகநேரிக்காரரும் கல்லிடைக்குறிச்சிக்காரரும் கேட்கவேண்டியது.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு நாங்கள் எழுந்தபோது மணியாச்சிப் பக்கமிருந்து பெட்டி எதுவும் இல்லாமல் ஒரு இஞ்சின் மட்டும் மெதுவாக உள்ளே வந்தது. லைட் இஞ்சின் என்பார்கள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் விலாவை எட்டிப் பார்த்துப் படித்தார்.

“ஈரோட்டுக்காரன்” என்றார். “எங்கயோ ஒரு வண்டிக்கு இஞ்சின் ஃபெயிலியர் ஆயிருக்கும். கூட்டிட்டுப் போக வந்திருக்கான்.”